பூட்டு போட்டு வாங்கிய விதிகள்

2011 ஜூலை 1ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய கையோடு, அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து அணிகளுடைய இணையப் பக்கங்களில் இருந்து வீரர்களின் படங்கள் காணாமல் போயின. முந்தின நாள் வரை பந்தும் கையுமாக வளையத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தவர்களில் ஒருவரையும் காணோம். அணிப் பயிற்சியாளர் தன் ஆட்டக்காரருக்குப் போன் போடக்கூடாது. முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருக்கிறவரை அணியின் பிசியோ எட்டிப் பார்க்கக்கூடாது. சார்லட் அணியின் முதலாளி மைக்கேல் ஜோர்டான், ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்றுக்குப் பேட்டி கொடுத்தபோது வேறோர் அணியின் வீரரைப் பெயர் சொல்லிப் பாராட்டிவிட்டார். அதற்காக அவருக்கே ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்தது.

முதலாளிகள் லாக்-அவுட் அறிவித்துவிட்டார்கள். வேலைநிறுத்தம் இல்லை, கதவடைப்பு. விளையாடத் தயாராக இருந்தவர்களை உள்ளே விடவில்லை. சம்பளத் தகராறுக்காக என்பிஏ வீரர்கள் வேலைநிறுத்தம் செய்து லீக் ஆட்டம் ஒன்றுகூட ரத்தானது கிடையாது. இரண்டு முறை ஆட்டங்கள் பறிபோயின, இரண்டு முறையும் பூட்டியது நிர்வாகம்தான்.

நான் கோவையில் நூற்பாலைத் தொழிற்சங்கம் ஒன்றில் பொருளாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கூடைப்பந்து சின்ன வயதுப் பைத்தியம். பி.எஸ்.ஜி. கோப்பைக்கு வெளியூர் அணிகள் வந்து இறங்கும் நாட்களில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறேன். இப்போதும் காலை ஆறு மணிக்கு டிவியில் அமெரிக்க ஆட்டம் ஓடினால்தான் காபி இறங்கும். கேட்டில் நோட்டீஸ் ஒட்டுவதென்றால் என்ன, அதைப் பிரித்துக்கொண்டு உள்ளே போன பிறகு என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் இந்த விவகாரத்தில் எனக்கென்று ஒரு அபிப்பிராயம் உண்டு.

"கோடீஸ்வரனுக்கும் கோடீஸ்வரனுக்கும் சண்டை, உங்களுக்கு ஏன் சார் இந்தக் கவலை" என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. கேள்வி நியாயம்தான். இந்தச் சண்டையில் வீரர்கள் யாரும் பட்டினி கிடக்கவில்லை. முதலாளிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் பறிபோன ஆட்டங்களை எண்ணி நஷ்டத்தைக் கணக்குப் போடுகிறார்களே, அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. 1998-99இல் 82 ஆட்டம் 50 ஆனது, 2011-12இல் 66 ஆனது. அடுத்த வருடமே 82 திரும்பி வந்துவிட்டது. திரும்பாமல் தங்கிவிட்டவை அந்த நாட்களில் கழுத்தைப் பிடித்து எழுதி வாங்கிய விதிகள். அவை பத்துப் பதினைந்து வருடம் ஆட்டத்தைக் கோணலாக்கின, அதிலும் அவற்றைக் கேட்டு வாங்கிய முதலாளிகளையே திருப்பி அடித்தன.

1998இல் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முந்தின வருடம் மின்னசோட்டா அணி கெவின் கார்னெட் என்ற இருபத்தொரு வயதுப் பையனுக்கு ஆறு வருடத்துக்கு 12.6 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. அந்த அணியையே அதன் முதலாளி அதைவிடக் குறைந்த விலைக்குத்தான் வாங்கியிருந்தார். அப்போது சிகாகோவில் வீரராக ஆடிக்கொண்டிருந்த ஜோர்டானின் ஒரு வருடச் சம்பளம் 3.3 கோடி டாலர். ஓர் அணி மொத்தத்துக்கும் லீக் வகுத்திருந்த சம்பள உச்சவரம்பு 2.7 கோடியைக்கூட அன்று தொடவில்லை. முதலாளிகளுக்குக் கிலி பிடித்தது. தங்கள் கையையே தாங்கள் கட்டிக்கொள்ள ஒரு விதி வேண்டும் என்று கேட்டார்கள். வேடிக்கைதான், ஆனால் காசு கொடுத்ததும் அவர்கள், கொடுக்க முடியாதபடி தடுக்கச் சொன்னதும் அவர்கள்.

204 நாள் பூட்டு. பிலடெல்பியாவில் நடக்க இருந்த ஆல்-ஸ்டார் ஆட்டம் ரத்து. 1999 ஜனவரியில் உடன்பாடு வந்தபோது, தனிப்பட்ட ஒரு வீரருக்கு இதற்கு மேல் தரக்கூடாது என்ற அதிகபட்ச வரம்பு அமெரிக்க விளையாட்டுக்கு முதன்முறையாக வந்தது. முதலாளிகளுக்கு முழு வெற்றி என்றே எல்லாரும் எழுதினார்கள்.

அதன் பிறகு ஆடிய ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. 90 நாளுக்குள் 50 ஆட்டம். சில வாரங்களில் மூன்று ராத்திரி தொடர்ந்து மூன்று ஆட்டம். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுக்கும் சராசரிப் புள்ளி 95.6இல் இருந்து 91.6க்கு இறங்கியது. கிளீவ்லண்டின் ஷான் கெம்ப் உடம்பு ஊதிப்போய் வந்து நின்றார். சியாட்டிலில் அவர் பாய்ந்து பாய்ந்து பந்தை வளையத்துக்குள் அறைந்ததைப் பார்த்தவர்களுக்கு அது தாங்க முடியாத காட்சி. அவர் பழைய கெம்பாக மீளவே இல்லை. அதே ஜனவரியில் ஜோர்டானும் ஓய்வை அறிவித்துவிட்டார். 1998 இறுதிப் போட்டியை அமெரிக்காவில் டிவி உள்ள நூறு வீடுகளில் சராசரியாக 18.7 வீடு பார்த்தது, 1999இல் 11.3. இதில் ஜோர்டான் போனதால் எவ்வளவு, பூட்டால் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெரும்பங்கு ஜோர்டானுடையது என்பதுதான் என் எண்ணம். நிர்வாகத்தின் மேல் பழி போட வேண்டும் என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை.

உண்மையான விளைவு 2010இல் வந்தது. லெப்ரான் ஜேம்ஸ், டுவேன் வேட், கிறிஸ் போஷ் மூவரும் மயாமியில் ஒன்று சேர்ந்தார்கள். எப்படி முடிந்தது? லெப்ரானின் உண்மையான சந்தை மதிப்பு என்ன என்பது யாருக்கும் தெரியாது. அதிகபட்ச வரம்பு என்று ஒன்று இருப்பதால் அவருக்கும் அவரைவிட இரண்டு படி கீழே இருப்பவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம்தான். எங்கே போனாலும் அதே காசு என்றால் மனிதன் என்ன பார்ப்பான்? நண்பன் எங்கே இருக்கிறான், ஊர் எப்படி, கோப்பை கிடைக்குமா என்று பார்ப்பான். வரம்பு இல்லாத காலமாக இருந்திருந்தால் ஏழை அணி ஒன்று தன் பையைக் கவிழ்த்துக் கொட்டியாவது ஒரு லெப்ரானைப் பிடித்து வைத்திருக்கும், அவர் சம்பளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நட்சத்திரத்துக்கு இடமே இருந்திருக்காது. மூன்று நட்சத்திரங்களை ஒரே கூரைக்குக் கீழே மலிவாகக் கொண்டுவந்த சாவி, 1999இல் முதலாளிகள் அடித்துப் பிடித்து வாங்கிய அதே சாவிதான்.

அதைப் பார்த்துவிட்டு அதே முதலாளிகள் 2011இல், "நட்சத்திரங்கள் கூட்டுச் சேருகிறார்கள், சின்ன ஊர் அணிகள் பிழைக்க வழியில்லை, போட்டியில் சமநிலை வேண்டும்" என்று சொல்லி மறுபடி பூட்டினார்கள்.

கூடவே நஷ்டக் கணக்கும் வந்தது. வருடத்துக்கு 30 கோடி டாலர் நஷ்டம், முப்பது அணிகளில் 22 நஷ்டத்தில் ஓடுகின்றன என்றார்கள். போனஸ் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்த யாருக்கும் இந்தப் பாட்டு புதிதல்ல. சட்டம் சொல்லும் குறைந்தபட்ச போனஸான 8.33 சதவீதத்துக்கு மேல் பேச்சை எடுத்தாலே பேலன்ஸ் ஷீட்டில் சிவப்பு மை ஊற ஆரம்பித்துவிடும். ஆனால் நஷ்டத்தில் ஓடும் தொழிலை யார் போட்டி போட்டு வாங்குவார்கள்? 2010இல் கோல்டன் ஸ்டேட் அணி 45 கோடி டாலருக்குப் போனது. 2014இல் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ், பல வருடம் கேலிக்கு ஆளான அணி, 200 கோடிக்குப் போனது. 2025இல் பாஸ்டன் செல்டிக்ஸ் 610 கோடி. 1998இல் பேச்சுவார்த்தை அறையில், லாபம் வராவிட்டால் அணியை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று வாஷிங்டன் அணி முதலாளி ஏப் போலினை முகத்துக்கு நேரே கேட்டவர் ஜோர்டான். 2011இல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கறார் முதலாளிகளில் ஒருவரும் அவர்தான். இடம் மாறினால் கணக்கும் மாறிவிடுகிறது.

அந்த வருட நவம்பரில் வீரர்கள் தங்கள் சங்கத்தையே சட்டப்படி கலைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் உடன்பாடு. லீக் வருமானத்தில் 57 சதவீதமாக இருந்த வீரர்களின் பங்கு ஏறக்குறைய 50 சதவீதமாகக் குறைந்தது. மொத்த வருமானம் 400 கோடி டாலர் என்ற கணக்கில் ஏழு சதவீதம் 28 கோடி. நஷ்டம் என்று எவ்வளவு சொன்னார்களோ கிட்டத்தட்ட அவ்வளவையும் வீரர்களிடமே வசூலித்துக்கொண்டார்கள். டிசம்பர் 25 அன்று ஆட்டம் தொடங்கியது. நமக்கு இரவு பத்தரை மணி. நானும் உட்கார்ந்து பார்த்தேன்.

124 நாளுக்குள் 66 ஆட்டம். பயிற்சி முகாமுக்கு இரண்டு வாரம் சொச்சம்தான் கிடைத்தது. சிகாகோவின் டெரிக் ரோஸ், முந்தின வருடம் 22 வயதில் லீகின் சிறந்த வீரர் விருது வாங்கியவர், உடம்பில் ஒன்று மாற்றி ஒன்றாகக் காயம்பட்டு 27 ஆட்டங்களைத் தவறவிட்டார். ஏப்ரல் 28, பிளே-ஆஃப் முதல் ஆட்டம். பிலடெல்பியாவை 12 புள்ளி முந்தி நிற்கிறார்கள், மீதம் ஒரு நிமிடம் 22 விநாடி. ரோஸ் உள்ளே வெட்டிப் போய் இரண்டு காலையும் ஊன்றி எழும்பினார், பந்தை விட்டார், இறங்கும்போதே இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். தசைநார் அறுந்துவிட்டது. பூட்டுதான் அறுத்தது என்று எந்த மருத்துவரும் சான்றிதழ் தர மாட்டார், நானும் சொல்லவில்லை. அன்றே நியூயார்க்கின் இமான் ஷம்பர்ட்டுக்கும் முழங்காலில் அதே தசைநார் போனது. பதினாறு வாரத்தில் செய்ய வேண்டிய உற்பத்தியைப் பத்து வாரத்தில் முடிக்கச் சொன்னால் கை மாட்டிக்கொள்வது யார் கை என்று மில்லில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் என்னை மிகவும் உறுத்துவது ஓக்லஹோமா சிட்டியின் கதை. சின்ன ஊர் அணிகளைக் காப்பாற்றத்தான் பூட்டினோம் என்றார்களே, அந்தச் சின்ன ஊர்களிலேயே நன்றாகச் செய்துகொண்டிருந்த அணி அது. கெவின் டுரான்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் மூவரையும் தானே புதுமுகத் தேர்வில் எடுத்து, தானே வளர்த்தது. யாரையும் காசைக் காட்டிப் பிடித்து வரவில்லை. பூட்டியிருந்த கோடையில் டுரான்ட் நியூயார்க்கின் ரக்கர் பார்க் தெரு மைதானத்தில் இறங்கி 66 புள்ளி எடுத்தார். அக்டோபரில், பொழுது போகவில்லை, எங்காவது கொடிக் கால்பந்து ஆடுகிறார்களா என்று ட்விட்டரில் கேட்டு, கூப்பிட்ட கல்லூரி மாணவர்களோடு போய் ராத்திரி ஆடிவிட்டு வந்தார். 2012 ஜூனில் அந்த அணி இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டது. மயாமியிடம் தோற்றது, சரி. மூவருக்கும் வயது 22, 23. இன்னும் பத்து வருடம் இவர்கள் ராஜ்ஜியம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

2011 உடன்பாட்டில் ஆடம்பர வரியைக் கடுமையாக்கியிருந்தார்கள். வரம்பைத் தாண்டிச் செலவழித்தால் முன்பு டாலருக்கு ஒரு டாலர் அபராதம். புதிய கணக்கில் அது ஒன்றரை டாலரில் தொடங்கிப் படிப்படியாக ஏறும், திரும்பத் திரும்பத் தாண்டினால் இன்னும் கூடும். நியூயார்க்கையும் லாஸ் ஏஞ்சலிஸையும் கட்டுப்படுத்த என்று சொல்லிக் கொண்டுவந்த வரி. முதலில் அடி விழுந்தது ஓக்லஹோமாவுக்கு. ஹார்டனுக்கு அதிகபட்சச் சம்பளம் கொடுத்தால் வரி வாசலைத் தாண்டிவிடும் என்று பயந்து, 2012 அக்டோபர் 27 அன்று, சீசன் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது, அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். பேரம் ஏறக்குறைய அரைக் கோடி டாலர் வித்தியாசத்தில் முறிந்தது. ஹூஸ்டனில் முதல் ஆட்டத்திலேயே ஹார்டன் 37 புள்ளி எடுத்தார். பின்னால் டுரான்ட் 2014இலும் வெஸ்ட்புரூக் 2017இலும் ஹார்டன் 2018இலும் லீகின் சிறந்த வீரர் விருது வாங்கினார்கள். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்.

கதை அங்கே நிற்கவில்லை. பூட்டுக்குப் பிறகு வீரர் சங்கத்துக்குள் பெரும் புழுக்கம். சங்கத் தலைமை நிர்வாகி பில்லி ஹன்டரை 2013இல் வெளியேற்றினார்கள். 2014இல் மிஷெல் ராபர்ட்ஸ் என்ற வழக்கறிஞர் வந்தார். அந்த அக்டோபரில் லீக், ஒன்பது வருடத்துக்கு 2,400 கோடி டாலர் டிவி ஒப்பந்தம் போட்டது. ஒரே வருடத்தில் வெள்ளமாகப் பணம் வரப்போகிறது. சம்பள வரம்பை ஒரே தாவலில் ஏற்றாமல் சிறிது சிறிதாக ஏற்றுவோம், உங்கள் பங்கில் குறைவதை வேறு வழியில் தந்துவிடுகிறோம் என்று லீக் சொன்னது. யோசனை நல்ல யோசனை. இதை எந்தச் சங்கத் தலைவரும் ஏற்றிருக்கலாம். 2015 மார்ச்சில் சங்கம் மறுத்துவிட்டது.

ஏன் மறுத்தது என்று அமெரிக்க எழுத்தாளர்கள் பலர் இன்றைக்கும் ராபர்ட்ஸைக் குறை சொல்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால்தான் உங்கள் படத்தைக்கூடச் சுவரிலிருந்து கழற்றி எறிந்து, ஏழு சதவீதத்தைப் பிடுங்கிய ஆள் இன்று வந்து, "கொஞ்சம் பொறு, அப்புறம் தருகிறேன்" என்றால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். எங்கள் ஆலை கேட் திறந்த பிறகு நிர்வாகம் கேண்டீனில் டீ கிளாஸை மாற்றினால்கூட அதில் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் பேசிக்கொள்வார்கள். கெட்ட யோசனை வந்தால் மறுத்து மடக்கிவிடலாம். பூட்டு போட்ட கை நீட்டும் நல்ல யோசனையைக்கூட வாங்க ஆள் இருக்காது.

வரம்பு 2016இல் ஒரே வருடத்தில் 7 கோடி டாலரில் இருந்து 9.4 கோடிக்குத் தாவியது. கையில் காசு நிரம்பிய அணிகளுக்குப் புத்தி பேதலித்தது. லேக்கர்ஸ் அணி லுவோல் டெங்குக்கு நான்கு வருடத்துக்கு 7.2 கோடி டாலர் கொடுத்தது, இரண்டாம் வருடத்தில் அவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். அதைவிடப் பெரிய கூத்து, முந்தின சீசனில் 73 ஆட்டம் வென்று சாதனை படைத்த கோல்டன் ஸ்டேட் அணியிடம் திடீரென்று இன்னொரு நட்சத்திரத்துக்கு இடம் கிடைத்தது. ஜூலை 4 அன்று டுரான்ட் ஓக்லஹோமாவை விட்டு அங்கே போவதாக அறிவித்தார். 2017, 2018 இரண்டு கோப்பையும் அவர்களுக்கே. சமநிலை வேண்டும் என்று 161 நாள் பூட்டிய லீகில் அதற்குப் பிறகு இரண்டு வருடம் அக்டோபரிலேயே முடிவு தெரிந்த ஆட்டத்தைத்தான் பார்த்தோம். ஓக்லஹோமா கடைசியில் 2025இல் கோப்பை வாங்கிவிட்டது, சந்தோஷம். ஆடியவர்கள் வேறு தலைமுறை.

2015இல் மறுத்த அதே யோசனையை 2023இல் சங்கம் ஏற்றுக்கொண்டது. டிவி பணம் எவ்வளவு வந்தாலும் வரம்பு வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 2011 பூட்டுக்குப் பிறகு, பூட்டில்லாத ஏறக்குறைய பன்னிரண்டு வருடம் போயிருந்தது.

கடைசியாக, யாரும் பேசாத ஒரு கூட்டம் இருக்கிறது. அரங்கில் இருக்கை காட்டுபவர்கள், டிக்கெட் சரிபார்ப்பவர்கள், பாப்கார்ன் விற்பவர்கள், வண்டி நிறுத்துமிடத்தில் நிற்பவர்கள், ஆட்டம் முடிந்து படிக்கட்டு கூட்டுபவர்கள். இவர்களில் பலருக்கு ஆட்டம் இருந்தால்தான் அன்றைக்குக் கூலி. சொந்த ஊரில் 41 ஆட்டம் நடக்க வேண்டிய இடத்தில் 1999இல் 25, 2012இல் 33. மில்லில் இப்படிப்பட்டவர்களைப் பதிலி என்போம். காலையில் கேட்டில் வந்து நிற்க வேண்டும், ஆள் குறைந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வீட்டுக்கு. எங்கள் ஆலை திறந்தபோது தொழில் தகராறு சட்டப்படி போட்ட 12(3) ஒப்பந்தத்தில் நிரந்தரத் தொழிலாளிக்கு முன்பணம் இருந்தது, பதிலிகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. என்பிஏ கதவடைப்பிலும் வீரர் பங்கு எத்தனை, முதலாளி பங்கு எத்தனை என்றுதான் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள்.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2020 மார்ச் 11 அன்று கொரோனாவால் ஆட்டங்கள் நின்ற ராத்திரியே, அரங்கத் தொழிலாளர்களுக்கு வழி செய்வேன் என்று டாலஸ் முதலாளி மார்க் கியூபன் சொன்னார். கிளீவ்லண்டின் கெவின் லவ் ஒரு லட்சம் டாலர் எடுத்து வைத்தார். நியூ ஆர்லியன்ஸின் பத்தொன்பது வயது சயன் வில்லியம்சன், அரங்கத்தில் வேலை செய்கிறவர்களின் முப்பது நாள் சம்பளத்தைத் தான் ஏற்பதாகச் சொன்னார். நோய் பூட்டியபோது தர்மமாக வந்த கூலி, முதலாளி பூட்டும்போது உரிமையாக வந்தால் என்ன? கதவடைப்பால் நின்றுபோகும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அன்றைய கூலியை அணி நிர்வாகம் கொடுத்தாக வேண்டும் என்று ஒரே ஒரு பிரிவு போதும். இப்போதைய உடன்பாடு 2029-30 சீசன் வரை, ஒரு வருடம் முன்னதாகவே முறித்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. பதினோரு வருடத்துக்கு 7,600 கோடி டாலர் புதிய டிவி பணம் வந்துகொண்டிருக்கிறது. அடுத்த பேச்சுவார்த்தையில் அந்தப் பிரிவை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டியது வீரர் சங்கம். நிர்வாகம் தானாக எழுதித் தராது, அந்தத் தொழிலாளர்களுக்கு அந்த மேசையில் நாற்காலியும் கிடையாது.